பாலிசீடி பற்றிச் சொன்னதைச் சொன்ன இடத்திலேயே திருத்துங்கள்: அயர்லாந்து நாடாளுமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பிரதமர் அவர்களுக்கும், துணைப் பிரதமர் அவர்களுக்கும், அயர்லாந்து நாடாளுமன்றமான டாயிலின் உறுப்பினர்கள் எல்லோருக்கும்,

வணக்கம்.

1923 ஏப்ரலில் உங்கள் அவையில் உண்மைக்குப் புறம்பான ஓர் அறிக்கை வாசிக்கப்பட்டது. அது உள்நாட்டுப் போர்க் காலம். அதற்கு முந்தைய மாதம் கெர்ரி மாவட்டத்தில், பாலிசீடியிலும் வேறு இரண்டு இடங்களிலும், ராணுவக் காவலில் இருந்த எதிர்த்தரப்புக் கைதிகள் கண்ணிவெடிகளில் சிதறி இறந்திருந்தார்கள். எப்படி இறந்தார்கள் என்று ராணுவம் தானே ஒரு விசாரணை நடத்தியது. அதன் முடிவைப் பாதுகாப்பு அமைச்சர் ரிச்சர்ட் மல்காஹி அவையில் வைத்தார். சாலைத் தடைகளை அகற்றக் கைதிகளைக் கூட்டிப் போனார்கள், எதிர்த்தரப்பு அங்கே மறைத்து வைத்திருந்த வெடி வெடித்துவிட்டது, படையினர் மேல் குற்றம் எதுவும் இல்லை என்றது அந்த முடிவு. விசாரணைக்குத் தலைமை தாங்கியவர் பாடி ஓ டாலி. கெர்ரியில் ராணுவத்துக்குத் தலைமை தாங்கியவரும் அவர்தான். யார் படை மேல் புகாரோ அவரே தீர்ப்பு எழுதினார்.

அந்தப் பதிவை, அதே அவையில், அரசின் பெயரால் திருத்துங்கள். இந்த மடலில் நான் கேட்பது இது ஒன்றைத்தான்.

நான் கெர்ரியில் உள்ள ட்ராலி நகரில் வசிக்கிறேன். தமிழ்நாட்டில் பிறந்து, வேலைக்காக இங்கே வந்து, பிறகு குடியுரிமை பெற்றவள். கில்லார்னியில் நடந்த விழாவில் எத்தனையோ நாட்டுக்காரர்களோடு சேர்ந்து நின்று, ஐரிஷ் தேசத்துக்கு விசுவாசமாகவும் இந்த அரசுக்கு உண்மையாகவும் இருப்பேன் என்று உறுதிமொழி எடுத்தேன். நூறு வருஷத்துக்கு முந்தைய சண்டையில் உனக்கென்ன என்று என்னோடு வேலை பார்க்கும் உள்ளூர்க்காரர் ஒருவர் கேட்டார். நல்ல மனதோடு கேட்டதுதான், நியாயமான கேள்வியும்தான். அப்பா விட்டுப்போன நிலத்தைப் பட்டா மாற்றிக்கொண்டு, அவர் விட்டுப்போன கடன் மட்டும் எனக்குத் தெரியாது என்று சொல்லும் பிள்ளையை எங்கள் ஊரில் மதிக்க மாட்டார்கள். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து நடந்த 1916 ஈஸ்டர் எழுச்சியின் பிரகடனத்தை என் பிள்ளை பள்ளியில் படிக்கிறது. அதை எங்களுடையது என்று நான் உரிமை கொண்டாடினால், 1923 மார்ச்சும் எங்களுடையதுதான்.

அதுவுமில்லாமல், உங்கள் வரலாறு எங்கள் ஊருக்கு முற்றிலும் அந்நியமாக இருந்ததில்லை. 1916இல் அன்னி பெசன்ட் சென்னையில் தொடங்கிய ஹோம் ரூல் (தன்னாட்சி) இயக்கம் பெயரையே உங்கள் அரசியலிலிருந்துதான் எடுத்துக்கொண்டது. கார்க் நகர மேயர் டெரன்ஸ் மக்ஸ்வீனி 74 நாள் உண்ணாவிரதம் இருந்து 1920 அக்டோபரில் லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் உயிர்விட்டது, இந்தியாவில் விடுதலைக்கு நின்றவர்களுக்குத் தெரிந்த கதை.

2012 முதல் 2023 வரை நீங்கள் நடத்திய நூற்றாண்டு நினைவுகூரலில் நல்லது நிறைய நடந்தது. ராணுவ வீரர்கள் ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் போய்க் கொடியையும் பிரகடனத்தையும் கொடுத்தார்கள். ஈஸ்டர் எழுச்சியில் இறந்த கிட்டத்தட்ட 500 பேரில் பாதிக்கும் மேல் பொதுமக்கள் என்பதும், அதில் 40 பேர் சிறுவர் சிறுமியர் என்பதும் அப்போதுதான் பலருக்குத் தெரியவந்தது. 1922 ஜூனில் டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் நடந்த சண்டையில் ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்து, ஏழு நூற்றாண்டுப் பதிவேடுகள் சாம்பலாயின. மற்ற நாட்டுக் காப்பகங்களில் கிடந்த பிரதிகளைத் தேடிச் சேர்த்து, டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் அந்தக் காப்பகத்தை இணையத்தில் மீண்டும் எழுப்பிவருகிறார்கள். இதைச் செய்த நாட்டைப் பார்த்து மனசாரப் பெருமைப்படலாம்.

ஆனால் எல்லாவற்றிலும் என்னை ஆழமாகத் தொட்டது அரசு செய்தது அல்ல, கேலிக் விளையாட்டுச் சங்கம் செய்தது. 1920 நவம்பர் 21 அன்று டப்ளின் குரோக் பார்க் மைதானத்தில் ஆட்டம் நடக்கும்போது பிரிட்டிஷ் அரச படைகள் புகுந்து சுட்டதில் 14 பேர் இறந்தார்கள். டிப்பரரி அணிக்கு ஆடிய மைக்கேல் ஹோகன் பெயர் ஊருக்கே தெரியும். மைதானத்தின் ஒரு பக்கத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். மற்ற 13 பேர்? ஜேன் பாய்ல் என்ற பெண் தான் கட்டிக்கொள்ளப் போகிறவரோடு ஆட்டம் பார்க்க வந்திருந்தார். இன்னும் ஐந்து நாளில் கல்யாணம். ஜெரோம் ஓ லியரிக்கு வயது 10, வில்லியம் ராபின்சனுக்கு 11, ஜான் வில்லியம் ஸ்காட்டுக்கு 14. இறந்தவர்களில் பலருடைய கல்லறையில் பல பத்தாண்டுகளாக ஒரு பெயர்ப்பலகைகூட இல்லை. சங்கம் அந்தக் குடும்பங்களைத் தேடிப்போய்ப் பேசியது, கல்லறைகளைக் கண்டுபிடித்துக் கல் நட்டது. நூறாவது ஆண்டு வந்தபோது கொரோனாவால் மைதானம் காலி. அந்த வெறுமையிலேயே 14 பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லி 14 தீபங்கள் ஏற்றினார்கள். மறுநாள் டிப்பரரி அணி 1920இல் போட்டிருந்த வெள்ளை, பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மன்ஸ்டர் மாகாணக் கோப்பையை வென்றது. அந்த வாரம் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து அழாதவர்கள் எங்கள் தெருவில் குறைவு.

சறுக்கல்களும் உண்டு. 2020 ஜனவரியில், பிரிட்டிஷ் ஆட்சிக்கால ராயல் ஐரிஷ் போலீஸ் படையை டப்ளின் கோட்டையில் அரசு விழா எடுத்து நினைவுகூரப் போவதாக அறிவித்தீர்கள். நாடே கொதித்தது, விழாவைத் தள்ளிவைத்தீர்கள். கிளாஸ்னெவின் கல்லறைத் தோட்டத்தில் 2016இல் எழுப்பிய பெயர்ச்சுவர் இன்னொன்று. கிளர்ச்சியாளர், பொதுமக்கள், பிரிட்டிஷ் சிப்பாய் என்று பிரிக்காமல், 1916 எழுச்சியில் இறந்த எல்லோர் பெயரையும் ஒன்றாகப் பொறித்தார்கள். 2017இல் அதன் மேல் வண்ணத்தை ஊற்றினார்கள், 2020இல் சம்மட்டியால் உடைத்தார்கள், கடைசியில் பெயர்களையே எடுத்துவிட வேண்டியதாயிற்று. சுட்டவனையும் சுடப்பட்ட பிள்ளையையும் ஒரே கல்லில் எழுதிவிட்டு, யார் யாரைக் கொன்றார் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டால் குடும்பங்களுக்கு எரியத்தான் செய்யும். உடைத்தவர்களை நான் நியாயப்படுத்தவில்லை. பெயர் மட்டும் போதாது, நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்கிறேன்.

இந்தப் பத்தாண்டு முழுக்க ஒன்றைக் கவனித்தேன். பிரிட்டிஷார் நமக்குச் செய்ததைப் பேசும்போது நம் குரல் கணீரென்று வருகிறது. நாம் நமக்கே செய்துகொண்டதற்கு வந்ததும் குரல் இறங்கிவிடுகிறது. 1922இல் அரசுப் படைத்தளபதி மைக்கேல் காலின்ஸ் உள்நாட்டுப் போரில் சுட்டுக் கொல்லப்பட்ட பேல் நா பிளா கிராமத்தில், 2022 ஆகஸ்ட்டில் ஃபியன்னா ஃபாயில், ஃபைன் கேல் இரண்டு கட்சித் தலைவர்களும் ஒரே மேடையில் பேசினார்கள். உள்நாட்டுப் போரின் இரு தரப்பிலிருந்து பிறந்த கட்சிகள் அவை. நல்ல காட்சிதான். ஆனால் காலின்ஸ் இன்று இரு தரப்புக்கும் வேண்டியவராகிவிட்டார். பாலிசீடி அப்படி இல்லை. அங்கே கொன்றது அரசு.

என்ன நடந்தது என்பதைத் தமிழில் படிக்கிறவர்களுக்காகவும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1921 டிசம்பரில் பிரிட்டனோடு போட்ட ஒப்பந்தத்தை டாயில் 64க்கு 57 என்ற வாக்கில் ஏற்றது. அதை ஏற்றவர்களின் புதிய அரசுக்கும் ஏற்காதவர்களுக்கும் 1922 ஜூனில் போர் மூண்டது. அதுவரை ஒன்றாக நின்று பிரிட்டிஷாரோடு மோதியவர்கள்தான் இரண்டு பக்கமும். கெர்ரியில் அது மற்ற இடங்களைவிடக் கடுமையாகவும் நீண்ட நாளும் நடந்தது.

1923 மார்ச் 6 அன்று ஒப்பந்தத்தை ஏற்காத தரப்பினர் நாக்னகோஷல் கிராமத்தருகே ஆயுதக் கிடங்கு இருப்பதாகப் பொய்த் தகவல் கொடுத்து அரசுப் படையினரை வரவழைத்தார்கள். அங்கே வைத்திருந்த கண்ணிவெடியில் ஐந்து பேர் இறந்தார்கள். அதன்பின், இனிமேல் சாலைத் தடைகளைக் கைதிகளை வைத்தே அகற்றுங்கள் என்று ஓ டாலி உத்தரவிட்டார்.

மறுநாள் விடிவதற்கு முன்பே, ட்ராலியின் பாலிமல்லன் படைமுகாமிலிருந்து ஒன்பது கைதிகளை லாரியில் ஏற்றிப் பாலிசீடி சந்திப்புக்குக் கொண்டுபோனார்கள். ஆளுக்கொரு சிகரெட் கொடுத்து, இதுதான் நீங்கள் பிடிக்கப்போகும் கடைசி சிகரெட் என்றார்கள். கையைப் பின்னால் கட்டி, காலைக் கட்டி, ஒருவரோடு ஒருவரைப் பிணைத்து வெடியைச் சுற்றி வட்டமாக நிறுத்தினார்கள். தொப்பியை இழுத்துக் கண்ணை மறைத்தார்கள். ஒருவருக்கொருவர் விடைசொல்லிக்கொண்டார்கள். வெடி வெடித்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். ஸ்டீபன் ஃபுல்லர் என்ற ஒருவர் மட்டும் தூக்கியெறியப்பட்டுக் கட்டு அறுந்து விழுந்து, இருட்டில் ஆற்றைக் கடந்து தப்பினார். அவர் பிழைத்ததால்தான் இவ்வளவும் தெரியும்.

ராணுவத்துக்கு அவர் தப்பியதே தெரியவில்லை. அந்தச் சிதறலில் எண்ண முடியாமல், முகாம் வாசலில் ஒன்பது சவப்பெட்டிகளைக் குடும்பங்களிடம் ஒப்படைத்தார்கள். உள்ளே இருந்தது எட்டுப் பேருடைய உடல்கள். பெட்டிகளைத் தெருவிலேயே உடைத்துத் திறந்து, கிடைத்ததை வைத்துத் தங்கள் பிள்ளைகளை அடையாளம் காண முயன்றார்கள். மகனின் உடல் எது என்று தேடிய அந்தத் தாய்மார்களை நினைக்காமல் என்னால் பாலிமல்லன் வாசலைக் கடக்க முடிவதில்லை. அங்கே கலவரம் வெடித்தது. அதற்குப் பிறகு வந்த உத்தரவு, காவலில் இறக்கும் கைதிகளை உறவினரிடம் கொடுக்காமல் ராணுவமே புதைத்துவிட வேண்டும் என்பது.

அதே நாளில் கில்லார்னி கவுண்டஸ் பாலத்தருகே இன்னும் நான்கு கைதிகள். ஐந்து நாள் கழித்துக் கஹர்சிவீன் பக்கம் ஐந்து பேர். தப்பி ஓடாமலிருக்க முதலில் காலில் சுட்டுவிட்டுப் பிறகு வெடியின் மேல் போட்டார்கள். ஒரே வாரத்தில் 17 பேர். பாலிசீடி வெடியை ட்ராலியில் ராணுவ அதிகாரிகளின் மேற்பார்வையில்தான் செய்தார்கள் என்று அன்று அதே ராணுவத்தில் இருந்த நியல் ஹாரிங்டன் பின்னாளில் எழுதினார். கஹர்சிவீன் பற்றிக் காவல்துறையே ராணுவத்தின் கதையை மறுத்து அறிக்கை கொடுத்தது, அது அன்றைய அரசின் கைக்கும் வந்தது. அப்படியிருந்தும் கொல்லப்பட்டவர் ஒருவரின் குடும்பம் கேட்ட இழப்பீட்டை மறுத்தார்கள்.

பழைய காயத்தைக் கிளறாதே என்று சொல்பவர்கள் ஃபுல்லரையே சாட்சிக்கு அழைப்பார்கள். அவர் பிறகு ஃபியன்னா ஃபாயில் கட்சியில் உங்கள் அவைக்கே உறுப்பினராக வந்தவர். அரசியல் மேடையில் பாலிசீடியை வைத்து ஒரு வாக்குக்கூடக் கேட்கவில்லை. 1980இல், முதுமையில்தான், ஒரு தொலைக்காட்சித் தொடருக்காக அமைதியாக நடந்ததைச் சொன்னார். இந்தப் பகை அடுத்த தலைமுறைக்குப் போகக் கூடாது என்பது அவர் எண்ணம். அவர் காலில் விழலாம் என்று தோன்றும் எனக்கு. ஆனால் அது அவருடைய பெருந்தன்மை. பாதிக்கப்பட்டவர் பொறுத்துக்கொண்டார் என்பதால் பாதிப்பைச் செய்தவர் வாய்திறக்க வேண்டியதில்லை என்று ஆகிவிடுமா? ஃபுல்லர் பேசாமல் இருந்ததால் அவையின் பதிவு உண்மையாகிவிடவில்லை.

இன்னொரு எதிர்ப்பு, இதற்குப் பதில் சொன்னால் எல்லாவற்றுக்கும் சொல்ல வேண்டி வரும் என்பது. அரசு தண்டனையாகச் சுட்டுக்கொன்ற 77 பேர், அதில் 1922 டிசம்பர் 8 அன்று விசாரணையே இல்லாமல் கொல்லப்பட்ட, ஒப்பந்த எதிர்ப்புத் தரப்பைச் சேர்ந்த ரோரி ஓ கானர் உள்ளிட்ட நான்கு பேர், கென்மேரில் ராணுவ அதிகாரிகளால் தாக்கப்பட்ட இரண்டு சகோதரிகள், 1922 ஏப்ரலில் மேற்கு கார்க்கில் கொல்லப்பட்ட புராட்டஸ்டன்ட் குடும்பத்து ஆண்கள். ஆமாம், அவற்றையும் ஒவ்வொன்றாகப் பேசத்தான் வேண்டும். ஓ கானர், தன்னைக் கொல்ல ஒப்புதல் கொடுத்த அமைச்சரவையில் இருந்த கெவின் ஓ ஹிகின்ஸின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர்; அந்த ஓ ஹிகின்ஸும் 1927இல் சுட்டுக் கொல்லப்பட்டார். இப்படிப்பட்ட போரில் யார் பக்கம் அதிகத் தவறு என்று கணக்குப் பார்க்க உங்களை நான் அழைக்கவில்லை. பாலிசீடிக்கு மட்டும் தனியாக ஒரு பொறுப்பு உங்களுக்கு இருக்கிறது. கொலை சாலையில் நடந்தது, ஆனால் அதைப் பற்றிய பொய் உங்கள் அவையில் சொல்லப்பட்டது. அதைத் திருத்தும் அதிகாரம் வரலாற்றாசிரியர்களுக்கு இல்லை, உங்களுக்குத்தான் இருக்கிறது.

இதற்கு இதைவிட ஏற்ற காலமும் கிடையாது. 'எழுபத்தேழு' என்ற எண்ணை ஒரு கட்சி மேடையில் முழங்கிய காலமும், மறு கட்சி முகத்தைத் திருப்பிக்கொண்ட காலமும் போயிற்று. 2020 ஜூனில் இரு கட்சிகளும் சேர்ந்து ஆட்சி அமைத்தன. இனி இதைச் சொல்வதால் யாரும் யாரையும் தேர்தலில் தோற்கடிக்கப் போவதில்லை. ட்ராலியில் 2023 பிப்ரவரியில் உள்நாட்டுப் போர் பற்றிய மாநாடு நடந்தது, ஊர்க்காரர்கள் வெளிப்படையாகப் பேசினார்கள். மக்கள் தயாராகத்தான் இருக்கிறார்கள்.

ஆகவே நான் கேட்பது விழா அல்ல, புதுச் சுவரும் அல்ல. பாலிசீடி சாலையோரத்தில் 1959இல் எழுந்த வெண்கலச் சிற்பம் இருக்கிறது, அதுவே போதும். மார்ச் மாதத்தில் ஒரு நாள், வழக்கமான அவை நேரத்தில், பாதுகாப்பு அமைச்சர் எழுந்து நிற்கட்டும். 1923 ஏப்ரலில் இதே பதவியில் இருந்தவர் இந்த அவைக்குச் சொன்னது உண்மையல்ல என்று சொல்லட்டும். கைதிகளைக் கொன்றது அரசின் ராணுவம், வெடி அரசின் வெடி, விசாரணை உண்மையை மறைத்தது என்று மூன்றையும் மழுப்பாமல் சொல்லட்டும். அந்தக் குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்கட்டும்.

பெயர்களையும் வாசிக்க வேண்டும். பாலிசீடியில் பாட்ரிக் பக்லி, ஜான் டாலி, பாட்ரிக் ஹார்ட்னெட், மைக்கேல் ஓ கானல், ஜான் ஓ கானர், ஜார்ஜ் ஓ ஷே, டிமதி ட்வோமி, ஜேம்ஸ் வால்ஷ். கவுண்டஸ் பாலத்திலும் கஹர்சிவீனிலும் இறந்த ஒன்பது பேர். அப்புறம், இதை, ஒப்பந்தத்தை எதிர்த்தவர்களின் வழியில் நிற்கும் குடியரசுவாத நண்பர்கள் சிலர் விரும்ப மாட்டார்கள் என்று தெரிந்தே சொல்கிறேன், முந்தைய நாள் நாக்னகோஷலில் இறந்த மைக்கேல் டன், எட்வர்ட் ஸ்டேபிள்டன், பாட்ரிக் ஓ கானர், மைக்கேல் கால்வின், லாரன்ஸ் ஓ கானர். அவர்களுக்கும் அம்மா இருந்தார்கள். அவர்களைப் பொறிவைத்துக் கொன்றதையும் அமைச்சர் அதே மூச்சில் சொல்ல வேண்டும். கிளாஸ்னெவின் சுவரில் விடுபட்டது இங்கே விடுபடக் கூடாது. யாரை யார், எப்படி, எதற்குப் பதிலாகக் கொன்றார்கள் என்பது ஒவ்வொரு பெயரோடும் சேர்ந்தே வரட்டும்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. 1919 முதல் நடந்த அவை விவாதங்கள் எல்லாம் நாடாளுமன்றத்தின் இணையதளத்தில் இருக்கின்றன. கெர்ரிப் பள்ளி மாணவர் யாராவது பாடத்துக்காகத் தேடினால் 1923 ஏப்ரல் அறிக்கை அப்படியே கிடைக்கும். அதை நீக்கிவிட வேண்டாம். புதிய அறிக்கை எந்தத் தேதியில் சொல்லப்பட்டது, எங்கே படிக்கலாம் என்று அந்தப் பக்கத்தின் தலைப்பிலேயே ஒரு குறிப்பும் இணைப்பும் போடச் சொல்லுங்கள். அச்சுப் பிரதி ஒன்றை ட்ராலி நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவுக்கும் அனுப்பிவையுங்கள்.

உண்மையுடன்,
ட்ராலியில் வாழும் ஒரு குடிமகள்